கால்மணி அக்காவும் வலிக்காத நோயாளியும்

காலை ஏழரைக்கு அவள் போர்வைகளை உருட்டிக்கொண்டிருந்தாள். மடிப்பது வேறு, உருட்டுவது வேறு. பழைய கம்பளிப் போர்வையை மேசைமேல் விரித்து, நடுவில் நைந்த துண்டு ஒன்றை வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தி அழுத்தி உருட்டினால்தான் ஒரு முதுகுக்கு முட்டுக் கொடுக்கிற கெட்டி அதற்கு வரும். தளர்வாக உருட்டினால் பத்து நிமிடத்தில் நசுங்கிவிடும். ஒருக்களித்துப் படுத்தவர் தாமே மல்லாந்துவிடுவார். ஆளுக்கு மூன்று உருட்டு வேண்டும். முதுகுக்கு ஒன்று, முழங்கால்களுக்கு இடையில் ஒன்று, வயிற்றின் கனத்தைத் தாங்க மெல்லியதாக ஒன்று. அன்றைக்கு இரண்டு பேர். ஆறையும் உருட்டி முடித்து, ஒவ்வொன்றின் மேலும் முழங்கையை ஊன்றிப் பார்த்தாள். ஐந்து நின்றன, ஒன்று அமுங்கியது. அதைப் பிரித்து மறுபடி உருட்டினாள்.

இத்தனை உருட்டு எதற்கு என்றால், அந்த ஆஸ்பத்திரி அறையின் வைத்தியம் அப்படி. சினைப்பையில் வருகிற புற்று ஓரிடத்தில் அடங்கி இருக்காது. வயிற்றுக்குள், குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வின் மேலெல்லாம் கடுகு சிந்தியது போலச் சிதறி ஒட்டிக்கொள்ளும். பெரிய ஆபரேஷன் செய்து கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தாலும் மணலளவு மிச்சம் நிற்கும். கை நரம்பில் ஏற்றுகிற மருந்து உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் நீர்த்துப் போயிருக்கும். அதனால் சிலருக்கு, எல்லோருக்கும் அல்ல, மருந்தை நேராக வயிற்றுக்குள்ளேயே விடுவார்கள். வலது விலாவின் அடி ஓரத்தில், தோலுக்கு அடியில், கோட்டுப் பொத்தான் அளவு ஒரு டப்பி. அதிலிருந்து வயிற்றுக்குள் ஒரு குழாய். டப்பிக்கு ரப்பர் மூடி. தோலோடு சேர்த்து அந்த ரப்பரில் ஒரு வளைந்த ஊசியைக் குத்தி, வெதுவெதுப்பான உப்புநீரில் கலந்த மருந்து ஒரு லிட்டர், பின்னாலேயே வெறும் உப்புநீர் இன்னொரு லிட்டர் உள்ளே போகும். அதை வெளியே எடுப்பதில்லை. உடம்பே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே போன மருந்து மூலைமுடுக்கெல்லாம் படவேண்டுமென்றால் ஆளைப் புரட்ட வேண்டும். வலப்பக்கம் கால் மணி, இடப்பக்கம் கால் மணி, மல்லாக்கக் கால் மணி, மறுபடி முதலில் இருந்து. இரண்டு மணி நேரம். குடத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றிக் கழுவுகிறோமே, அதே வேலைதான்.

அந்தப் புரட்டுகிற வேலை அவளுடையது. அதனால் எல்லோருக்கும் அவள் 'கால்மணி அக்கா'. புதிதாக வந்த எழுத்தர் ஒருவர் அதையே பெயர் என்று நினைத்து அடையாள அட்டையில் அச்சடித்துவிட்டார். "மாத்த வேண்டாம் சார், கூப்பிட்டா நான் திரும்பறது அதுக்குத்தான்" என்றாள். ஆனாலும் மாற்றினார்கள்.

இருபது வயதில் அந்த ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்துக்கு வந்தவள். பதினெட்டு வருடம் கறை துவைத்தாள். விரிப்பைப் பார்த்தே படுத்திருந்தவரின் நிலைமையைச் சொல்லிவிடுவாள். குதிகாலும் இடுப்பும் படுகிற இடத்தில் நீர் கோத்த கறை இருந்தால் அந்த ஆளை நாள்கணக்கில் யாரும் திருப்பவில்லை என்று அர்த்தம். ஒருநாள் அப்படி ஒரு விரிப்பைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வார்டுக்கே போய்ச் சண்டை போட்டாள். மேட்ரன் கோபித்துக்கொள்ளவில்லை. "இவ்வளவு தெரியுதில்ல? போய்ப் படிச்சிட்டு வந்து நீயே திருப்பு" என்றார். முப்பத்தெட்டு வயதில், மகள் வயதுப் பெண்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பத்து மாதப் பராமரிப்புப் பயிற்சி முடித்தாள். இப்போது ஐம்பத்தேழு. விடுமுறை நாள் மதியம் கணவர் கொஞ்சம் கண்ணயர்ந்தால்கூடக் கை பரபரக்கும். "ஏ, நான் வண்டி ஓட்டிட்டு வந்து படுத்திருக்கேன், நோயாளி இல்ல, விடு!" என்று அவர் கத்துவார்.

அவளிடம் ஒரு குறை இருந்தது. புலம்புகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. வாயை மூடிக்கொண்டு தாங்குகிறவர்களைப் பிடிக்கும். பிடிக்கும் என்பதை மறைக்கவும் மாட்டாள். "அந்தக் கட்டில் அம்மாவப் பாருங்க, ஒரு சத்தம் வருதா?" என்று அடுத்த கட்டிலுக்குச் சொல்வாள். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னாள். அது மற்றவர்களின் வாயை அடைக்கும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

இன்னொன்று. ஆறு முறை என்று டாக்டர் எழுதினாலும் ஆறையும் வயிற்றிலேயே முடிக்கிறவர்கள் குறைவு. வயிறு உப்பி மூச்சு முட்டும், குமட்டும், டப்பி இருக்கும் இடம் நோகும், கிட்னி முரண்டு பிடிக்கும். மூன்றோ நான்கோ ஆனதும் டாக்டரம்மாவே "போதும், மிச்சத்தக் கையில போட்டுக்கலாம்" என்று மாற்றிவிடுவார். அதில் யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் ஆறையும் முடித்தவர்கள் இந்த ஐந்து வருடத்தில் பதினொரு பேர் என்று கால்மணிக்குத் தெரியும். பன்னிரண்டாவது ஆள் மாஸ்டர்தான் என்று முடிவே கட்டியிருந்தாள். மாஸ்டரிடம் அதைச் சொல்லியும் இருந்தாள்.

மாஸ்டர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிற பெண். நாற்பத்தொன்பது வயது. நாற்பது அடுக்குத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே கோடு போட்டு, மின்கத்தியால் ஒரே ஓட்டில் வெட்ட வேண்டும். வெட்டும்போது பேசக்கூடாது, தும்மக்கூடாது. கை அசைந்தால் போவது ஒரு சட்டை அல்ல, நாற்பது சட்டை. இருபத்தாறு வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு வலியையும் அப்படிப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தது.

துணைக்கு வருவது அவளுடைய நாத்தனார், கணவரின் தங்கை. பள்ளிப் பேருந்தில் குழந்தைகளை ஏற்றி இறக்குகிற வேலை. குரல் அதற்கேற்ற குரல். அறையில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். மின்விசிறி கிறீச்சிடுகிறது, டீ ஆறிப்போய் வந்தது, பக்கத்துக் கட்டில்காரரின் செருப்பு நடைபாதையில் கிடக்கிறது என்று ஒன்று விடாமல் சொல்வாள். முதல் முறை வந்தபோதே கால்மணியை மடக்கினாள்.

"போன மாசம் இதே வயித்துல இருந்து ஏழு லிட்டர் தண்ணி எடுத்தீங்க. இப்ப ரெண்டு லிட்டர் ஊத்தறேங்கறீங்க. எடுத்ததுலயே கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கக் கூடாதா அக்கா?"

"அது நோய் ஊறவெச்ச தண்ணி. இது மருந்து."

"அப்ப அண்ணன் வந்து வயித்தப் பாத்து, திரும்பவும் வீங்கிடுச்சேன்னு அழுதா?"

"ரெண்டு மூணு நாள்ல தானா வத்திடும்னு சொல்லுங்க. ஏன், அவரு வரமாட்டாரா?"

"அவனா? ஊசியப் பாத்தாலே விழுந்துடுவான். அவனுக்கு ஒரு கட்டில், அவனத் தூக்க நாலு ஆளு. எதுக்கு வம்பு?"

மூன்று முறை நல்லபடியாகப் போயிற்று. நான்காவது முறைதான் இந்தக் கதை.

அன்று காலையிலேயே, கிட்னியைக் காப்பாற்றுவதற்காகக் கை நரம்பில் உப்புநீர் ஏறியிருந்தது. மாஸ்டர் கழிப்பறை போய்விட்டு வந்து படுத்தாள். சிஸ்டர் கையுறை மாட்டி, விலாவைத் தடவி, டப்பியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்கினார்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல சிஸ்டர்."

"இவங்க எதுக்குத்தான் ஆமான்னு சொல்லியிருக்காங்க?" என்றாள் ரேடியோ. "பொண்ணு பாக்கப் போனப்ப, பையனப் புடிச்சிருக்காம்மான்னு எங்கம்மா கேட்டாங்க. தலைய ஒரு ஆட்டு ஆட்டினாங்க. அது ஆமாவா இல்லையான்னு எங்க வீட்டுல இன்னும் யாருக்கும் தெரியாது."

மாஸ்டர் கண்ணைத் திறக்காமலே, "இல்லன்னுதான் ஆட்டினேன். உங்க ஆளுங்களுக்குப் புரியல" என்றாள். சிஸ்டரே சிரித்துவிட்டார்.

வெறும் உப்புநீரை முதலில் கொஞ்சம் விட்டுப் பார்த்தார்கள். தடையில்லாமல் போனது. ஊசியின் மேல் ஒட்டுத்துணி போட்டு இறுக்கி, மருந்துப் பையை மாட்டினார் சிஸ்டர். பாதிக்கு மேல் இறங்கியபோது பெரிய கூடத்தில் ஒருவருக்குக் குளிர் நடுக்கம் என்று ஆள் வந்தது. "அக்கா, இங்க ஒரு கண்ணு வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அவர் போன ஐந்தாவது நிமிடம் மாஸ்டருக்குக் குமட்டியது. கால்மணி வாந்திக் கிண்ணத்தை நீட்டுவதற்குள் உடம்பு மடங்கிப்போகிற அளவுக்கு ஒருமுறை ஓங்கரித்தாள். ஒன்றும் வரவில்லை. கால்மணி அவளை மெல்லச் சாய்த்து, வாயைத் துடைத்து, ஒட்டுத்துணியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"எரியுதா? குத்துதா? ஈரமா இருக்கா?" கேட்க வேண்டிய மூன்று கேள்வி அது.

"இல்ல அக்கா."

"பொய்" என்றாள் ரேடியோ, நாற்காலியை விட்டு எழுந்து. "ஓங்கரிச்சதுல இருந்து அண்ணி மூஞ்சி மாறிடுச்சு. விலாகிட்ட கையக் கொண்டுபோறாங்க, உடனே எடுத்துக்கறாங்க. அங்கதான் என்னமோ பண்ணுது. போர்வைய எடுத்துப் பாருங்க."

"இப்பத்தான் பாத்தேன்."

"தொட்டுத்தான் பாத்தீங்க. பன்னெண்டு வருஷமா வண்டியில புள்ளைங்க மூஞ்சியப் பாத்துட்டு வர்றேன் அக்கா. எது வாந்தி எடுக்கப்போகுது, எது மூத்திரத்த அடக்கிட்டு உக்காந்திருக்குன்னு அதுங்க சொல்றதுக்கு முன்ன எனக்குத் தெரியும்."

"இது ஸ்கூல் வண்டி இல்லம்மா. அவங்களே நல்லாயிருக்கேங்கறாங்க. பக்கத்துல நின்னு பயமுறுத்தாதீங்க. கொஞ்சம் வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

"அந்த டீயையா?"

"போங்க!"

ரேடியோ அண்ணியைப் பார்த்தாள். மாஸ்டர் 'போ' என்பது போலக் கண்ணைச் சிமிட்டினாள். ரேடியோ போனாள்.

அறை அமைதியாயிற்று. கால்மணிக்கு அது இதமாக இருந்தது. சொட்டு மெதுவாகிவிட்டதைப் பார்த்தாள். வயிறு நிறைய நிறையச் சொட்டு தளர்வது உண்டு. அந்த அறையில் எல்லோரும் செய்கிறதையே அவளும் செய்தாள்: பை தொங்குகிற கம்பியை ஒரு துளை மேலே ஏற்றிவைத்தாள். சொட்டு வேகம் பிடித்தது. அடுத்த கட்டில் அம்மாவைப் புரட்டப் போனாள்.

இருபது நிமிடம் கழித்து சிஸ்டர் வந்தார். வந்தவர் போர்வையை விலக்கினார். டப்பிக்குப் பக்கத்தில், முட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த அளவுக்குத் தோல் மேடிட்டிருந்தது. சுற்றிலும் சிவப்பு. ஓங்கரித்த அதிர்வில் ஊசி ரப்பரிலிருந்து நழுவியிருக்கிறது. அதன்பின் இறங்கிய மருந்தெல்லாம் வயிற்றுக்குள் போகாமல் தோலுக்கு அடியில் தேங்கியிருக்கிறது. கம்பியை ஒரு துளை ஏற்றியதால் இன்னும் வேகமாகத் தேங்கியிருக்கிறது.

சிஸ்டர் குழாயை மூடினார். டாக்டரம்மா வந்தார். ஊசி வழியே எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். சிவப்பின் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டார் டாக்டரம்மா. மாஸ்டர் தலையைத் தூக்கி அதைக் கவனமாகப் பார்த்தாள்.

"கோட்டத் தாண்டுனா துணி வீணுங்களா?"

"தாண்டுதான்னு காலையில பாக்கணும். எரிஞ்சிருக்குமே, ஏம்மா சொல்லல?"

மாஸ்டர் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொன்னா நிறுத்திடுவீங்க. முடியலன்னு சொன்னவங்களுக்கெல்லாம் கைக்கு மாத்திட்டீங்க. எனக்கு உள்ள மணலளவுதான் மிச்சம், வயித்துல போட்டா பலன் இருக்கும்னு நீங்கதான் சொன்னீங்க. இன்னும் ரெண்டு தடவைதானேன்னு…"

"நீங்க சொல்லாததாலதான் இப்ப நிறுத்த வேண்டியிருக்கு." டாக்டரம்மா கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். "நாளைக்குக் காலையில சாயம் விட்டு எக்ஸ்ரே எடுத்துப் பாப்போம். குழாய் நல்லா இருந்தாலும் எனக்குப் பயமா இருக்கும்மா. வலிய மறைக்கிற ஆளுக்கு வயித்துல மருந்து விடறது கண்ண மூடிட்டு வண்டி ஓட்டற மாதிரி. மிச்சம் ரெண்டையும் கையிலயே போட்டுக்கலாம்."

நாத்தனார் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கால்மணி அதைக் கவனித்தாள். மின்விசிறிக்கும் செருப்புக்கும் புகார் சொல்கிறவள், புகார் சொல்லவேண்டிய நேரத்தில் வாயைத் திறக்கவில்லை.

மாலையில் சிஸ்டர் அறிக்கை எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு அவளிடம் நீட்டினார். அதில் ஒரு வரி: 'எரிச்சல் குறித்து நோயாளி தரப்பில் எவரும் தெரிவிக்கவில்லை.' சிஸ்டர் பொய் எழுதவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கால்மணி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, "கண்ணாடி கொண்டுவரல சிஸ்டர், நாளைக்குப் படிச்சுட்டுப் போடறேன்" என்றாள். கண்ணாடி அவள் நெற்றிக்கு மேலே ஏறியிருந்தது. சிஸ்டர் அதைப் பார்த்தார், கேட்கவில்லை.

படிக்கட்டில் ரேடியோவைப் பிடித்தாள்.

"ஏம்மா, நீங்க சொன்னத டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"எது?"

"என்னக் கேக்காதீங்க. எதுன்னு உங்களுக்குத் தெரியும்."

ரேடியோ கைப்பையின் வாரை முறுக்கினாள். "டாக்டர் வர்றதுக்குள்ள அண்ணிதான் வேண்டான்னாங்க. அந்த அக்கா மூணு மாசமா என்னக் கொழந்தை மாதிரி பொரட்டிப் பாத்துக்கிட்டவங்க, அவங்க வேலைக்கு ஒண்ணு ஆயிடக்கூடாது, மாட்டி விடாதேன்னாங்க. அவங்க பேசறதே வருஷத்துக்கு நாலு தடவை. அதுல ஒண்ண எப்படி மீறுறது?"

கால்மணி கீழே இறங்கினாள்.

வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கணவரிடம் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"டாக்டர் உன்னக் கேட்டாங்களா?"

"கேக்கல."

"சிஸ்டர்?"

"இல்ல."

"அந்தம்மா காட்டிக் குடுத்தாங்களா?"

"அதுதான் இல்லயே."

"அப்பறம் நீ ஏன் தானாப் போய்த் தலையக் குடுக்கற? ஓய்வு பெற எட்டு மாசம் இருக்கு. பேசாம ஓட்டிடு."

"பேசாம இருந்ததுக்குத்தான் அந்தம்மாவுக்கு மருந்த நிறுத்தறாங்க. நானும் பேசாம இருந்தா?"

"நீ சொன்னா மட்டும் குடுத்துடுவாங்களா?"

அது அவளுக்கும் தெரியாது. யோசித்துப் பார்த்தாள். மாஸ்டர் சொல்லவில்லை என்பது நிஜம். ஆனால் மாஸ்டரைச் சொல்ல விடாமல் செய்ததில் தனக்கும் பங்கு உண்டு: பன்னிரண்டாவது ஆள், பொறுமைசாலி, ஒரு சத்தம் வருதா பாருங்க. அப்படிச் சொல்லிச் சொல்லியே ஒருத்தி எரிகிற விலாவை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் புன்னகையோடு படுத்திருக்கிறாள். சொல்ல வந்த இன்னொருத்தியை டீ குடிக்க அனுப்பியாயிற்று. விரிப்பைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனவளா இப்படிச் செய்தாள் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வெங்காயத்தை வேண்டியதற்கு மேல் பொடியாக நறுக்கிவிட்டாள்.

மறுநாள் காலை டாக்டரம்மா அறைக்கு வெளியே கைப்பையோடு காத்திருந்தாள்.

"டாக்டரம்மா, நேத்து ரிப்போர்ட்டுல ஒரு வரி தப்பு."

"எந்த வரி?"

"நோயாளி தரப்புல யாரும் சொல்லலங்கறது. நாத்தனார் சொன்னாங்க. ஓங்கரிச்ச அந்த நிமிஷமே, எடத்தோட சொன்னாங்க. போர்வைய எடுத்துப் பாருன்னாங்க. நான்தான் பாக்காம அவங்கள வெளிய அனுப்பினேன். அப்பறம் ஸ்டாண்டையும் ஒரு துளை ஏத்திவெச்சேன். சிஸ்டருக்கு இது எதுவும் தெரியாது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மெமோ வரும் அக்கா. தெரியுமில்ல?"

"வரட்டும். நான் வந்தது வேற ஒண்ணுக்கு. அந்தம்மா வலிய மறைக்கிறாங்க, அதனால வயித்துல போட முடியாதுங்கறீங்க. அவங்க மறைச்சாங்க, வாஸ்தவம். ஆனா அவங்க தரப்புல பேசறதுக்கு ஒரு ஆளு இருக்கு. தெருக்கோடி வரைக்கும் கேக்கற ஆளு. அந்த வாய அடைச்சது நான். என் தப்புக்கு அவங்க மருந்து ஏன் நிக்கணும்?"

டாக்டரம்மா எழுந்தார். "முதல்ல எக்ஸ்ரே. அந்த நாத்தனாரையும் கூட்டிட்டு வாங்க."

சிவப்பு, பேனாக்கோட்டுக்கு உள்ளேயே நின்றிருந்தது. மேடு பாதியாக வற்றியிருந்தது. எக்ஸ்ரே மேசையில் மாஸ்டரைப் படுக்கவைத்து, சிஸ்டர் புண்பட்ட பக்கத்தைத் தவிர்த்து ஊசியை இறக்கினார்.

"வலிக்குதா?"

"இல்ல…"

"பொய்" என்றாள் நாத்தனார், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து. தடுப்பு இருந்தும் எல்லோருக்கும் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா கையை உயர்த்தி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மாஸ்டர் கூரையைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

"வலிக்குது."

"எவ்வளவு?"

"நாப்பது அடுக்குன்னா… ஒரு பதினஞ்சு அடுக்கு."

"எனக்கு இது போதும்" என்றார் டாக்டரம்மா.

சாயத்தை விட்டதும் திரையில் அது குழாயின் முனையிலிருந்து கிளம்பி, குடல் மடிப்புகளுக்கு இடையே வெள்ளையாகப் பரவியது. குழாய் நன்றாக இருந்தது. தோல்தான் ஆற வேண்டும். டாக்டரம்மா அங்கேயே நின்றபடி முடிவைச் சொன்னார்: அடுத்த முறைக்கு முன்னால் தோலைப் பார்ப்பேன். ஆறியிருந்தால் ஐந்தாவதும் வயிற்றில்தான். ஆறாவிட்டால் கையில், அதில் பேரமில்லை. நாத்தனார் இல்லாமல் நோயாளிக்கு ஊசி போடக்கூடாது என்று சீட்டில் எழுதிவிடுகிறேன். இனி சொட்டு மெதுவானால் யாரும் கம்பியைத் தொடக்கூடாது, போர்வையை விலக்கிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

"சீட்டுல என் பேரு வருதா?" என்றாள் நாத்தனார்.

"இனி இவளக் கையில புடிக்க முடியாது" என்று மாஸ்டர் முனகினாள்.

அறைக்குத் திரும்பியதும் கால்மணி நாத்தனாரை அழைத்துப்போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவவைத்தாள். விரல் இடுக்கை விட்டுவிட்டாள் என்று மறுபடி கழுவவைத்தாள். பிறகு மாஸ்டரின் கட்டிலருகே நிறுத்தி, அவள் விரல்களைப் பிடித்து, புண்படாத பக்கத்து விலாவின் மேல் வைத்தாள்.

"நல்ல தோல் எப்படி இருக்கும்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க. இளக்கமா இருக்கா? இதே சூடு, இதே இளக்கம் அந்தப் பக்கமும் இருக்கணும். மேடு தட்டினாலோ, இறுகினாலோ, ஈரம் கசிஞ்சாலோ கூப்பிடுங்க."

"உங்களையா?"

"முதல்ல மணிய அடிச்சு சிஸ்டர. அப்பறம்தான் என்னய. நான் போகச் சொன்னாலும் போகாதீங்க."

நாத்தனார் விரலை எடுக்காமல் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். "அண்ணி, கூசுதா?"

"ஆமா" என்றாள் மாஸ்டர்.

பத்து மணிக்கு மெமோ வந்தது. கால்மணி நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி, முழுவதும் படித்தாள். 'நடந்தது உண்மை' என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, முதல் கட்டில் அம்மாவிடம் போய்ப் போர்வையை விலக்கி, "எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க, நிதானமாச் சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.